மேசை விசிறிக்கு வந்த காய்ச்சல்

கன்சாஸில் ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலில்தான் வெண்டெலின் சின்ன மேசை விசிறி முரண்டு பிடித்தது. ஏ.சி. போட்டால் முழங்கால் குடைகிறது என்று அதை அணைத்து வைக்கிற மனிதர் அவர். விசிறியை விட்டால் கூடத்தில் காற்றுக்கு வழியில்லை. அதுவோ போட்ட அரைமணியில் கொதித்தது, லேசாகக் கருகல் வாடை விட்டது, தானாக நின்றுபோனது. ஆறினால் மறுபடி ஓடும்.

புதுசு வாங்கிவிடலாம் என்றாள் மனைவி பெர்னீஸ். காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டி, அதன் கோளாறுகளைத் தன் கையாலேயே சரிசெய்தவருக்கு அது மானப் பிரச்சினை. விசிறியைக் கராஜுக்குத் தூக்கிப் போனார். மோட்டாருக்குப் போட்டிருந்த மஞ்சள் நூல் சட்டையில் எண்ணெய் படக் கூடாதென்று பதனமாகக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அந்தச் சட்டை அவர் பின்னியது. ஓய்வுபெற்ற பிறகு விரல் மூட்டுக்கு வேலை கொடுக்கும்படி டாக்டர் சொல்ல, குரோஷா ஊசியைக் கையில் எடுத்தவர் இன்னும் கீழே வைக்கவில்லை. டோஸ்டருக்குச் சட்டை, டிஷ்யூ பெட்டிக்குச் சட்டை, தேநீர்க் கெண்டிக்குத் தொப்பி. அந்த வீட்டில் பூனை மட்டும்தான் ஓடித் தப்பித்தது.

விசிறியைப் பிரித்தார். தூசியைத் துடைத்து, தண்டில் சுற்றியிருந்த பூனைமுடியை எடுத்து, இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டார். விரலால் தட்டினால் இறக்கை வழுக்கிக்கொண்டு சுற்றியது. வானொலியில் பேஸ்பால் ஆட்டம் முடியும்வரை ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தார், வெதுவெதுப்புதான். சட்டையை மாட்டி, மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

அரைமணியில் மறுபடி கருகல் வாடை.

சுவர் பிளக்கின் மேல் சந்தேகம் வந்தது. சமையலறை பிளக்கில் போட்டார், அங்கேயும் கொதித்தது. கராஜுக்குக் கொண்டுபோய் மீண்டும் பிரித்தார். அங்கே சமர்த்தாக ஓடியது. வீட்டுக்கு ஒயரிங் போட்டவனை, அவன் எந்த ஊரில் இருந்தானோ, வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"ஒருவேளை அதுக்கு என் மூஞ்சி பிடிக்கலையோ என்னவோ," என்றாள் பெர்னீஸ்.

மறுநாள் மத்தியானம், மூன்றாம் முறையாகப் பிரித்து மாட்டிய பிறகு, கூடத்தில் ஓடிய விசிறியின் பின்னால் சூடு பார்க்கக் கைவைத்தார். விரலில் பட்டது நூல். வெந்நீர்ப்பைபோலச் சுட்டது. கீழே, மோட்டார் மூச்சுவிட இருந்த துவாரங்கள் அத்தனையும் மஞ்சள் பின்னலுக்குள் மூடிக் கிடந்தன.

சட்டையை உருவினார். காதுமடல் சிவந்தது. திரும்பினால், பெர்னீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே." அவள் சோளக்கதிர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஏன் சொல்லல?"

"மோட்டாரப் பத்தி நான் வாயத் திறந்தா உன் முகம் பஸ் டயர் மாதிரி உப்பும். அதோட, நீ அந்த ஒயரிங்காரனத் திட்டுறதக் கேக்க நல்லாருந்துச்சு."

கோபப்படத்தான் நினைத்தார். சிரிப்பு முந்திக்கொண்டு, இருமலில் போய் முடிந்தது. விசிறி சாயங்காலம்வரை நிற்காமல் ஓடியது.

சாப்பாட்டுக்குப் பிறகு பெர்னீஸ் விச்சிட்டாவில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டு, கதையை ஆரம்பத்திலிருந்து, நடிப்போடு சொன்னாள். காற்று வாங்கிக்கொண்டிருந்த வெண்டெல் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு தடவ பிரிச்சுப் போட்டாருடி," என்றாள் அவள்.

"மூணு தடவதான்," என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் அவர்.