தாளின் பின்பக்கம்

வக்கீலம்மா கட்டணத் தாளை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்ததும், என் வீட்டுக்காரர் முதலில் செய்த காரியம் அதைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்ததுதான்.

“பின்னாடி ஒண்ணும் இல்லங்க” என்றார் வக்கீலம்மா. சிரிக்கவில்லை. எனக்குத்தான் மானம் போனது.

இவர்மேலும் தப்பில்லை. இதற்கு முன் ஒரு வீட்டை வாங்கப் போய் வேறொரு வக்கீலிடம் மாட்டிக்கொண்டோம். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால், அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் நம்ம ஆளு என்பார். நம்ம ஆளு என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். போகிறபோதெல்லாம் புதிதாக ஒரு செலவு முளைக்கும். எதற்கு என்று கேட்டால் குமாஸ்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசியில் கையிலிருந்தது கரைந்து, அந்த வீடும் கைநழுவிப் போனது.

இந்த முறை வேறொரு வீட்டுக்குப் பேசிய பணம் போக எங்களிடம் மிச்சமிருந்தது என் தையல் மெஷின் மட்டும்தான். எதிர்ச்சாரி லாண்டரி அக்கா அதை விலைக்குக் கேட்டிருந்தாள். மேல்செலவு என்று ஒன்று வந்தால் கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்திருந்தோம். பேசியதென்னவோ நாங்கள் இரண்டு பேரும்தான்; அதற்கப்புறம் மெஷினுக்கு எண்ணெய் போடும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டது நான் மட்டும்.

தாளில் அரசாங்கத்துக்குக் கட்டுவது தனி, வில்லங்கம் பார்க்கும் செலவு தனி, அவருடைய ஃபீஸ் தனி. அடியில் ஒரு வரி: இதற்கு மேல் ஏதாவது தேவைப்பட்டால் முதலில் உங்களைக் கேட்பேன், நீங்கள் சரி என்றால்தான் செய்வேன். இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறார் என்றால் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றார் இவர், படியிறங்கும்போதே. நடுவில் ஒருநாள் வக்கீலம்மாவிடமிருந்து போன் வந்தது. இவர் எடுக்காமல் என்னிடம் நீட்டினார். என் கை தானாக மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய பத்திரத்தில் ஓர் அளவு தெளிவாக இல்லை, விற்பவரிடம் பேசிச் சரிசெய்துவிட்டேன், செலவு ஒன்றுமில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன் என்றார்.

பதிவு முடிந்து பத்திரம் வாங்கப் போன அன்று, கூடவே ஒரு கவரையும் கொடுத்தார். வில்லங்கம் பார்க்க நினைத்ததைவிடக் குறைவாகத்தான் ஆனதாம். மீதி அதில் இருந்தது. வக்கீல் மேஜையிலிருந்து பணம் எங்கள் பக்கம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். “நீங்க நல்லா இருக்கணும்மா” என்றேன். வராந்தாவுக்குப் போய் லாண்டரி அக்காவைப் போனில் கூப்பிட்டு, மெஷினைக் கொடுப்பதாக இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அக்காவுக்கே புரியவில்லை.

திரும்பி உள்ளே வந்தால் இவர் வக்கீலம்மா ஆபீசின் கைகழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். மேலே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய் ரிப்பேர் செய்கிற மனுஷனுக்குக் காது சும்மா இருக்குமா.

“எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார் வக்கீலம்மா.

தொழிலுக்கு வந்த நாளாக இந்தக் கேள்விக்கு இவரிடம் ஒரே பதில்தான்: பார்த்துக் கொடுங்க. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, ஒருத்தரும் சரியாகப் பார்த்துக் கொடுப்பதில்லை என்று வீடு வரைக்கும் புலம்புவார். இன்றைக்கோ காசே வாங்கக் கூடாது என்றுதான் குனிந்திருக்கிறார்.

“உங்ககிட்ட போய் காசு வாங்குவனாம்மா?”

“நான் உங்ககிட்ட வாங்குனேனே. கை வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.”

இவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து அந்தக் கட்டணத் தாளை எடுத்தார். இத்தனை நாளும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்திருக்கிறார். அதை மேஜையில் கவிழ்த்துப் போட்டு, பேனா கேட்டார்.

முதல் வரியில் ‘வாஷர்’ என்று எழுதி, பக்கத்தில் விலையைப் போட்டார். அடுத்த வரியில் ‘கூலி’ என்று எழுதினார். எழுதிவிட்டு, பக்கத்தில் எவ்வளவு போடுவதென்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.