லாரிக்குக் கண் மங்கியது

தன் லாரிக்கு வயதாகிவிட்டது என்ற முடிவுக்குக் கழுகு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. லாரிக்கு வயது ஒன்பது. அவனுக்கு ஐம்பத்தாறு. இருவரில் யாருக்கு வயதாகியிருக்கும் என்று பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். அவன் குழந்தையைக் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டான். அது மரியாதை தெரிந்த கண்ணாடி, வாயைத் திறக்கவில்லை.

கழுகு என்பது சக ஓட்டுநர்கள் வைத்த பெயர். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் போக்குவரத்துக் காவலரின் தொப்பி நுனியை அரை மைல் தள்ளியே பார்த்துவிடுவான் என்பதால் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவன் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

அப்பேர்ப்பட்ட கழுகுக்கு ஆறு மாதமாகப் பொழுது சாய்ந்தால் சாலை மங்கியது. முதலில் பல்பு மட்டம் என்றான், மாற்றினான். பிறகு பேட்டரி மட்டம் என்றான், அதையும் மாற்றினான். எதிரே வருகிறவர்களுக்கு விளக்கைத் தாழ்த்தும் நாகரிகம் போய்விட்டது என்று ஒரு மாதம் திட்டினான். சாலை போட்டவன் தாரில் கலப்படம் செய்துவிட்டான் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்தோடு நிற்கவில்லை, தெருவையே கோணல் என்றான்.

கண் என்ற சொல்லை மட்டும் அவன் வாய் தவறியும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதுவார். அந்தக் காகிதம் லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசுக்குப் போகும். அப்புறம் தன் முதுகு ஒன்பது வருடமாகக் குழி பறித்து வைத்திருக்கும் சீட்டில் எவனோ ஒருவன் வந்து உட்காருவான். லாரி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு டிராக்டரில் மோதப் பார்த்தான். சாலையோரம் நின்ற டிராக்டர்; இரண்டடி இருக்கும்போது பிரேக் பிடித்தது. வீட்டுக்கு வந்து, "பின்னால லைட்டே இல்லாம ஒரு முட்டாப்பய நடுரோட்டுல நிறுத்தி வெச்சிருந்தான்" என்றான். மனைவி அந்த முகம் தெரியாத டிராக்டர்காரனை இரண்டு நாள் சபித்தாள். அவள் சபிக்கும்போதெல்லாம் கழுகு ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஹெட்லைட்டை உற்றுப் பார்த்தான். பிளாஸ்டிக் முகப்பு மஞ்சள் பூத்திருந்தது. கண்டுபிடித்துவிட்டான். குற்றவாளி அகப்பட்டுவிட்டான். தாடி வைத்த ஒருவன் வீட்டிலேயே ஹெட்லைட்டைப் பிரித்து, தேய்த்து, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்து, வளைய விளக்கு வைத்து மூடும் வீடியோவை ஏழு முறை பார்த்தான். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டான் தாடிக்காரன். நமக்கு ஒரு மணி நேரம் ஆகட்டுமே என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டான் கழுகு. வளைய விளக்கு இரண்டு வாங்கினான். கை முஷ்டி நுழையும் அளவு, வெள்ளை வட்டம்.

அந்த வீடியோவில் ஒரு சங்கதி இருந்தது. முகப்பையும் பின்கூட்டையும் ஒட்டியிருக்கும் பசை இளக வேண்டுமென்றால் ஹெட்லைட்டை முழுசாகத் தூக்கி ஓவனில் வைக்க வேண்டும். நூறு டிகிரி, பத்து நிமிடம்.

ஓவன் வீட்டில் இருந்தது. ஆனால் அது அவன் மனைவியின் ஓவன். ஆர்டர் எடுத்து கேக் செய்து கொடுப்பது அவள் தொழில். சமையலறையில் பாதியை அடைத்துக்கொண்டு பீரோ மாதிரி நின்றது அது. அதைத் துடைக்கும் துணிகூடத் தனி. கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அவன் அதன் கதவைத் திறந்ததே கிடையாது. சனிக்கிழமை காலை அவள் மூன்றடுக்கு கேக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் கழுகு ஸ்பானரை எடுத்தான்.

இடது பக்க ஹெட்லைட் உள்ளே போனது. குமிழைத் திருகினான். எண்கள் கொசகொசவென்று இருந்தன. குனிந்தான், சாய்ந்தான், ஒரு கண்ணை மூடினான். ஒன்று, இரண்டு சைபர். நூறு. நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தான்.

ஆறாவது நிமிடத்தில் மணம் வந்தது. ஏழாவதில் புகை. கதவைத் திறந்து துணியால் பிடித்து இழுத்தபோது பசை இளகியிருந்தது உண்மை. கூடவே ஹெட்லைட்டின் ஒரு மூலையும் இளகி, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி வீங்கித் தொங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்காகவும் முடியவில்லை.

மனைவி வந்தபோது வீட்டின் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. அவள் நேரே சமையலறைக்குப் போனாள். கழுகு கதவோரம் நின்றான்.

"என்ன இது?"

"ஹெட்லைட்."

"அது தெரியுது. என் ஓவனுக்குள்ள என்ன பண்ணுது?"

"பசை இளகணும்ல. நூறுலதான் வெச்சேன். உன் ஓவன் சரியில்ல, ரொம்ப சுடுது."

அவள் குமிழைப் பார்த்தாள். அது இருநூறில் நின்றது. எண்கள் ஒவ்வொன்றும் கட்டை விரல் நகம் அளவுக்குக் கறுப்பாக, பளிச்சென்று இருந்தன.

"இது உங்களுக்கு நூறா?"

"நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சு. புதுசு வாங்கணும்."

"அழியலங்க," என்றாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து அவன் தோளைக் குறுக்கியிருந்தான். அவள் கத்தாதது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன், நாற்பத்தெட்டு வயது, ஊருக்கு அவன் பெயர் ஃப்யூஸ். அக்கா கல்யாணத்தில் சீரியல் விளக்கு போடுகிறேன் என்று மண்டபத்தையே இருட்டாக்கியவன். அதற்குப் பிறகுதான் தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டான். வந்தவன் வீங்கிய ஹெட்லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இத வறுத்தீங்களா, பொரிச்சீங்களா?"

"வேலையப் பாருடா."

வலது பக்கத்தை மனைவியே ஓவனில் வைத்தாள். நூறு டிகிரி, பத்து நிமிடம், கேக் எடுக்கும் அதே கையுறையோடு எடுத்தாள். பூப்போலக் கழன்று வந்தது. முகப்புகளை ஃப்யூஸ் தேய்த்து மஞ்சளைப் போக்கினான். உள்பக்கம் கறுப்பு அடிக்கிற வேலையை மட்டும் கழுகு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தான். முடித்ததும் தூக்கிக் காட்டி, "தாடிக்காரன் தோத்தான்" என்றான். ஃப்யூஸ் அக்காவைப் பார்த்தான். அக்கா உதட்டில் விரல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கழுகு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். அந்த நேரத்தில் ஃப்யூஸ் எல்லாவற்றையும் பூட்ட உட்கார்ந்தான். வளைய விளக்கின் வயர் ஒரு சாண் குறைந்தது. நாளைக்கு நீட்டு வயர் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாம், இப்போதைக்கு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்ப்போம் என்று, வளையம் இல்லாமலே இரண்டு ஹெட்லைட்டையும் கிளிப் போட்டு மூடி லாரியில் மாட்டினான். வளையங்கள் கீழே விழுந்து உடையாமல் இருக்க இரண்டையும் வளையல் மாதிரி இடது கையில் போட்டுக்கொண்டான்.

கழுகு எழுந்து லாரி நிறுத்தும் ஷெட்டுக்கு வந்தான். ஷட்டரை இறக்கி விட்டிருந்தார்கள். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. மனைவி எதிர்ச்சுவர் ஓரம் நின்றாள். ஃப்யூஸ் லாரிக்குள் கையை விட்டு சுவிட்சைத் தட்டினான்.

வலது விளக்கு சுவரில் அழகாக விழுந்தது. இடது விளக்கு வீங்கிய மூலையின் புண்ணியத்தில் உத்தரத்தில் இருந்த பல்லியைப் பிடித்தது. பல்லி ஓடிவிட்டது. மனைவி முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். அவ்வளவு வெளிச்சம்.

கழுகு விளக்குகளுக்கு முன்னால் பத்தடி தள்ளி, இடுப்பில் கை வைத்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"வெளிச்சம் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம். ஆனா மாப்ள, வளையம் ரெண்டும் அம்சமா எரியுதுடா. நான் சொன்னேன்ல. சுத்தி எப்படி வட்டமா நிக்குது பாரு."

ஃப்யூஸ் மெதுவாகத் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு வளையமும் மணிக்கட்டில்தான் இருந்தன.

"எந்த வளையம் மாமா?"

"என்னடா எந்த வளையம். லைட்டைச் சுத்தி. கலர் கலரா."

மனைவி சுவரை விட்டு நடந்து வந்தாள். தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, புருஷன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். கழுகு அந்த இரண்டு வட்டங்களையும் தொட்டுப் பார்த்தான். பிறகு ஹெட்லைட்டைப் பார்த்தான். அங்கேயும் வளையம் இருந்தது. அவனுக்கு மட்டும்.

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு போக வழி தெரியாமல் போனது. கீழே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தான். ஃப்யூஸ் விளக்கை அணைத்து ஷட்டரைத் தூக்கினான்.

"எத்தனை நாளா?" என்றாள் அவள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"ஆறு மாசம்." பிறகு டயரை நகத்தால் சுரண்டியபடி, "அந்த டிராக்டர்ல லைட்டு எரிஞ்சுது. செவப்பா, நல்ல பெரிய லைட்டு. எறங்கிப் போய் நின்னப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அவன் வண்டியில அவன் பொண்டாட்டி உக்காந்திருந்தா."

ஃப்யூஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு நாள் தான் சபித்தது யாரை என்று அவளுக்கு அப்போது உறைத்தது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, அழுகையும் கூடவே வந்தது.

"ஆறு மாசமா ஊர்ல இருக்கற லைட்டையெல்லாம் மாத்துனீங்க. என்கிட்ட மறைச்சீங்களா, உங்ககிட்டயே மறைச்சீங்களா? பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?"

"சீட்டு போயிடும்," என்றான் அவன். "சீட்டு போனா நான் யாரு?"

"ரோட்டுல உசுரு போனா மட்டும் நீங்க யாரு?" என்றாள். அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஃப்யூஸ் ஓட்டினான். கழுகு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் லாரியின் இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கியருக்கும் பல்லைக் கடித்தான். டாக்டரம்மா அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டிலும் புரை முற்றியிருக்கிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிட்டது, எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம் என்றார்.

"ஓவன்ல வெக்கணுமா டாக்டர்?" என்றான் ஃப்யூஸ். அக்கா அவன் தொடையில் கிள்ளினாள்.

ஒரு கண், பிறகு மறு கண் என்று இரண்டு மாதம் ஓடியது. அதுவரை ஃப்யூஸ்தான் லாரி ஓட்டினான், பகலில் மட்டும். ஓட்டிவிட்டு வரும்போதெல்லாம் கழுகு வாசலில் நின்று கிளட்ச் தேய்ந்து கருகுகிறதா என்று வாசனை பிடித்தான். கடைசிப் பரிசோதனையில் டாக்டரம்மா சுவரில் இருந்த கடைசி வரி வரை படிக்கச் சொன்னார். அவன் அதையும் படித்து, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் விலாசத்தையும் படித்தான். ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நேரே ஷெட்டுக்குப் போனவன் லாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டான். ஒரு கண் நேராக, ஒரு கண் வானத்தை நோக்கி. உள்ளே கறுப்புப் பெயின்ட் திட்டுத் திட்டாக ஒழுகிக் காய்ந்திருந்தது. இடது பக்கத்தில் ஒரு முழுக் கட்டைவிரல் ரேகை.

"இந்தக் கண்றாவிய யாரு செஞ்சது?"

"தாடிக்காரனைத் தோக்கடிச்சவர்," என்றாள் மனைவி பின்னால் இருந்து.

அவன் திரும்பினான். ஏதோ பதிலுக்குச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினான். காதோரம் முழுக்க அவளுக்கு நரைத்திருந்தது. முன்கையில் ஓவன் கதவு சுட்ட தழும்புகள், பழையதும் புதியதுமாக நாலைந்து.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க லைட்டு மாத்திட்டிருந்தப்ப."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. மங்கிய சாலைக்காக அத்தனை பேரோடும் சண்டை போட்டவன், மங்கிய இவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இருந்தது. தழும்புகளை ஒரு தடவை தடவிப் பார்த்தான். பிறகு, "ஏறு. ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றான்.

"இந்த லைட்டை வெச்சுக்கிட்டா?"

"நாளைக்குப் புதுசு மாட்டிடறேன். கடையில. காசு குடுத்து."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். ஃப்யூஸ் முன்னே தள்ளி வைத்திருந்த சீட்டை அவன் பின்னுக்கு இழுத்தான். முதுகு தன் குழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. பொழுது சாய்கிற நேரம். ஊர் எல்லை தாண்டியதும் விளக்கைப் போட்டான். வலது விளக்கு சாலையைக் காட்டியது, இடது விளக்கு மரக்கிளைகளைக் காட்டியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அரை மைல் தள்ளி, சாலையோரம் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அவன் அப்போதே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டான்.

"டிராக்டர் நிக்குது," என்றான். "லைட்டு எரியுது."

அவள் கண்ணைச் சுருக்கி முன்னால் பார்த்தாள்.

"எங்கங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

கழுகு வண்டியை ஓரம் கட்டினான். அவள் பக்கம் திரும்பி அவள் கண்களையே பார்த்தான்.

"நாளைக்குக் காலையில," என்றான், "மொதல்ல ஆஸ்பத்திரி. லைட்டு அப்புறம்."