பலகையின் மறுமுனை

கிழக்கு வெளுக்குமுன்பே ஒட்டுசுட்டான் அரிசி ஆலையின் சீமெந்துக் களத்தில் அவித்த நெல்லைக் கொட்டிவிடுவார்கள். ஆவி பறக்கும் அந்த நெல்லை அமராவதி வெறுங்காலால் கிளறிக்கொண்டு நடந்தாள். உள்ளங்கால் எப்போதோ மரத்துப்போயிருந்தது.

பக்கத்தில் ஜொஹறா இல்லை. போன கிழமை ஆவிக்குழாய் வெடித்ததில் அவளுடைய இடக்கை முழங்கைவரை வெந்துபோயிற்று. வைத்தியச் செலவு கேட்டுப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகப் போய் நின்றார்கள். முதலாளி தில்லைநாதன் ஜொஹறாவை வேலையால் நிறுத்திவிட்டான். அவன் அமராவதியின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி.

இன்று அவளிடமே வந்தான்.

"மச்சாள், உந்தக் கூட்டத்தைக் கலைச்சுவிடுங்கோ. தனித்தனியா வந்து கதைக்கட்டும். இல்லாட்டி நாளைக்கு ஒருத்திக்கும் வேலையில்லை."

"வயலுக்கை வந்த யானையைக் கலைக்கவே ஊரெல்லாம் சேர்ந்தெல்லோ நிண்டனாங்கள், தம்பி."

"பகிடி விடாதேங்கோ! எங்கடை குடும்ப மானத்தைச் சந்தியிலை விக்கிறியள்."

அந்தச் சொல் சுட்டது. புருஷன் போன நாள்தொட்டு அவள் எவரிடமும் கையேந்தியதில்லை. இந்தக் கூலி நின்றால் குசினியில் அடுப்பு எரியாது.

காட்டுப்பக்கம் வானம் கறுத்தது. முதல் துளி விழுந்தது.

"பலகையைப் பிடியுங்கோ, கெதியா!" என்று ஒருத்தி கத்தினாள்.

நெல்லைக் குவிக்கும் பலகையை ஒருத்தி அழுத்த, மற்றவள் கயிற்றை இழுக்கவேண்டும். அமராவதியின் கயிற்றைப் பிடிப்பவள் ஜொஹறா. அவளோ பூட்டிய கம்பிப் படலைக்கு வெளியே, கட்டுப்போட்ட கையோடு நின்றாள்.

"படலையைத் திற, தம்பி. அவள் வரட்டும்."

"அவள் உள்ளுக்கை வரக்கூடாது!"

நெல் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்ற வழக்கம் அமராவதியின் குடும்பத்தில் இல்லை. ஆனாலும் பலகையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு படலையை நோக்கி நடந்தாள்.

"உன்ரை அப்பா, என்ரை மாமா, இந்தக் களத்திலை காயப்பட்ட ஆளை ஒருநாளும் கலைச்சதில்லை. மானத்தை வித்தது நானில்லையடா."

"அக்கா, எனக்காக உங்கட அடுப்ப அணைக்காதீங்க," என்றாள் ஜொஹறா.

"பேசாமல் பிடியடி."

கம்பிகளுக்கூடாகக் கயிற்றை நீட்டினாள். ஜொஹறா நல்ல கையால் பற்றிக்கொண்டாள். களத்தில் பலகைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பெண்கள் வந்து அமராவதிக்குப் பின்னால் அதே கயிற்றைப் பிடித்தார்கள்.

"நெல் நாசமாப் போகுதடி!" என்று தில்லைநாதன் கத்தினான்.

"படலைப் பூட்டின்ரை திறப்பு உங்கடை கையிலைதானே கிடக்கு, முதலாளி!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

தில்லைநாதன் திறப்பை இறுக்கிப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தான். மழை பிடித்துக்கொண்டது. நெல்லும் நனைந்தது, அவர்களும் நனைந்தார்கள். ஒருத்தியும் கலையவில்லை.