கடைசித் துளை எந்தப் பக்கம்?

அவளுடைய விசிலைக் கணவர் நெடுக்குவாட்டில் பிளந்து, அறுவை வகுப்புத் தவளை மாதிரி விரித்து வைத்திருந்தார்.

“கொஞ்சம் ஆராய்ச்சி,” என்றார்.

ஆறு துளை போட்ட தகர விசில் அது. புல்லாங்குழல் மாதிரிதான், ஆனால் நேராக வாயில் வைத்து ஊதுவது. மறுநாள் மாலை நூலக ஹாலில் அவளுடைய குழு முதன்முறையாக வாசிக்கப்போகிறது. அதில் ஒரு பாட்டு அவளுக்கு மட்டும். அவள் ஊத, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு ஏற்பாடு அவளுக்கு வாய்த்ததில்லை.

“நாளைக்கு நான் எதை ஊதுறது? அடுப்பையா?”

“அதெல்லாம் ஒரு விசிலா? பிடிக்க வசதியில்ல, ஊத வசதியில்ல. உனக்குன்னே ஒண்ணு செஞ்சு தரேன் பாரு.”

தண்ணீர்க் குழாய் கம்பெனியில் முதன்மை வடிவமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வடிவமைத்த குழாய்கள் ஊரெங்கும் இன்றும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் வீட்டுச் சமையலறையிலும்தான்.

பித்தளைக் குழாயோடு பின்னறைக்குள் புகுந்தார். அறுப்பதும் ராவுவதுமாக ஒரே சத்தம். கை வலித்தபோதெல்லாம் வெளியே வந்து உரை நிகழ்த்தினார்.

“வசதின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். நீங்க வெளியூர் போற அன்னிக்கு இருக்கும்.”

‘விரலைக் காட்டு’ என்று ஒரு தடவையாவது கேட்பார் என்று அவளும் காத்திருந்தாள். அவரோ தன் விரல்களையே நீட்டி மடக்கி அளந்துகொண்டிருந்தார்.

“ஒரு தடவை நான் பிடிச்சுப் பார்க்கட்டுமாங்க?”

“முடியட்டும். பாதி வேலையில பார்த்தா ஒண்ணும் புரியாது.”

மறுநாள் மதியம் விசில் ஒரு மெத்தென்ற துணியில் படுத்து வந்தது. குழுவில் டிரம் வாசிக்கும் அவளுடைய தம்பியும் வந்திருந்தான். கேட்க ஆள் கிடைத்ததும் அவருக்குக் குரல் கம்பீரமாகிவிட்டது.

“கடைசித் துளைக்கு மோதிரவிரல் சரியா எட்டாது. உலகம் பூரா அதை நடுவுல போட்டு விரலை இழுத்துச் சாகுறாங்க. நான் வலப்பக்கமா ஒதுக்கிட்டேன். கை தானா போய் உட்காரும்.”

அவள் வாங்கி ஊதினாள். வாய் வைக்கும் இடம் வழவழவென்று இருந்தது. மேல் ஸ்வரங்கள் சுத்தமாக வந்தன. திட்டக்கூட இடமில்லையே என்று எரிச்சலாக இருந்தது. கீழே இறங்கினாள். மோதிரவிரல் வெறும் பித்தளையில் போய் உட்கார்ந்தது. துளை எதிர்ப்பக்கம் ‘ஆ’வென்று திறந்து கிடந்தது. அடி ஸ்வரம் வரவே இல்லை. அவளுடைய பாட்டு ஆரம்பிப்பதும் முடிவதும் அந்த ஸ்வரத்தில்தான்.

“கையை மாத்திப் பிடி.”

“எனக்குக் கீழ இடது கைதாங்க வரும். நான் இடது கைக்காரி.”

அவர் கண்ணாடியை மேலே தள்ளினார். “எப்ப இருந்து?”

“பிறந்ததுல இருந்து அத்தான்,” என்றான் தம்பி. “குடும்ப ரகசியம். வெளிய விடல.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“தினம் உங்க எதிர்லதானே காய் நறுக்குறேன்? கத்தி தானா ஆடுதுன்னு நினைச்சீங்களா?”

“சரி, சரி. கொஞ்சம் பழகினா வலது கை வந்துடும். வடிவமைப்புல தப்பில்ல.”

ஆக, தப்பு அவள் கையில்.

அவள் பின்னறைக்குப் போனாள். விசிலைத் துணி சுற்றி, மேஜை ஓரத்து இரும்புப் பிடியான வைஸில் இறுக்கினாள். ஐந்தாம் துளைக்கும் ஆறாம் துளைக்கும் நடுவே ரம்பத்தை வைத்தாள்.

“ஐயையோ! ஒரே துண்டா இருக்கறதுதான்டி அதோட அழகே!”

“உங்களுக்கு மட்டும்தான் ஆராய்ச்சியா? தள்ளுங்க.”

வெட்டிய விளிம்பை அரத்தால் ராவினாள். டப்பாவைக் கிளறி, சற்றே அகலமான ஒரு குழாய்த் துண்டை எடுத்தாள். மெழுகு தேய்த்த நூலைச் சுற்றி, இரண்டு பாகத்தையும் அதற்குள் செருகினாள். அடித்துண்டை இடப்பக்கம் திருப்பினாள். விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. ஊதினாள். அடி ஸ்வரம் உருண்டையாக வந்து விழுந்தது.

மாலையில் ஹால் நிறைந்திருந்தது. அவளுடைய முறை வந்து எழுந்து நின்றபோது முன்வரிசையில் அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்திருந்தார்.

“அடித்துண்டு திரும்பும், கவனிச்சீங்களா? இடது கைக்காரங்களை மனசுல வச்சு நானே போட்டது. வசதின்னா என்னன்னா...”

அவள் விசிலை வாயில் வைத்தபடி அவரையே பார்த்தாள். குழு பார்த்தது. ஹால் பார்த்தது. எங்கும் தன் குரல் மட்டுமே கேட்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வாய் மூடிற்று.

அதற்குப் பிறகுதான் அவள் கடைசித் துளையை மூடினாள்.