எதுவும் இடம் மாறாத ஒன்று

1

இந்தக் கதை ஒரு சிரிப்புக் கட்டுரையாகத்தான் தொடங்கியது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் நகைச்சுவைச் சிறப்பிதழுக்கு ஏதாவது கேட்டார். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்று என் கணவரைப் பிடித்தேன். முதல் வரி இப்படி:

"என் கணவருக்கு மாதம் ஒரு காதலி. போன மாதம் உபுண்டு, இந்த மாதம் மின்ட்."

[இதை அடித்துவிடலாமா? இருக்கட்டும். அன்றைக்கு நான் நிம்மதியாக இருந்தேன் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.]

விஷயம் தெரியாதவர்களுக்கு: எங்கள் கூடத்து மூலையில் ஒரு பழைய கணினி. அதில் ஓடிய இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார் கடைக்காரர். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கிப் போடச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், பழைய மெஷினிலும் ஓடும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தார். ஆனால் லினக்ஸ் என்பது ஒன்று இல்லையாம், நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். உபுண்டு, மின்ட் என்று ஆளுக்கொரு பெயர்; ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரோ என்கிறார்கள்.

"மோட்டார் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். கேபின், கதவு, பட்டன் இதெல்லாம்தான் ஆளுக்கொரு மாதிரி வச்சிருக்கான்," என்று எனக்கு விளக்கினார். "நமக்கு எது தோதோ அதை எடுத்துக்கணும்."

"நமக்கு எது தோது?"

"அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

2

பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி நிறுவுவார். சில நாள் முகத்தில் வெளிச்சம் இருக்கும். பிறகு ஒரு காலையில் "இதுவும் சரிப்படலை" என்பார். உபுண்டு போய் மின்ட், மின்ட் போய் ஃபெடோரா, மறுபடி மின்ட். இப்படித் தாவுகிற ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், இதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள் என்று மகள் போனில் சொல்லிச் சிரித்தாள்.

"பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட யாரும் இத்தனை தடவை மாத்த மாட்டாங்கப்பா."

"பிரஷ்ஷுக்கு ராத்திரியோட ராத்திரியா கைப்பிடி மாறிடுதா என்ன?" என்றார் அவர்.

கட்டுரையில் இதை அப்படியே இறக்கினேன். நல்ல வசனம். [நல்ல வசனம் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது.]

3

ஒரு காலை நான் கணினியைத் திறந்தபோது என் நாவல்

நான் பாதி எழுதியிருந்த நாவல் இருந்த இடத்தில்

[சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.] புது டிஸ்ட்ரோ போடுவதற்காக அவர் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டிருந்தார். என் நாவலும் அதோடு போய்விட்டது. வேறெங்கும் பிரதி இல்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேன், அழிச்சுக்கங்கன்னு நீதான சொன்ன."

"நான் சொல்லவே இல்லைங்க."

"சொன்ன. அடுப்படியில நின்னுக்கிட்டு சொன்ன."

என்னிடம் பொய் சொல்லிப் பழகாத மனிதர். இந்த வயதில் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த சில நாட்கள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

[இந்தக் கதையில் வருகிற 'நான்' மீது எனக்கு நம்பிக்கை போதவில்லை. ஒரு வரைவில் அவள் உடனே மன்னித்துவிடுகிறாள். படித்தால் கண்ணில் நீர் வரும்படி எழுதியிருந்தேன். அதனாலேயே கிழித்தேன்.]

4

தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டதால் அந்த வாரம் இணையம் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கணினி முன்னால் இருந்தார். திரையின் நான்கு மூலைக்கும் அம்புக்குறி போய்ப் போய் வந்தது.

"பாரு, அப்டேட்ல மறுபடி எல்லாத்தையும் இடம் மாத்திட்டான். அணைக்கிற பட்டனைக் காணோம்."

இணையமே இல்லாதபோது எந்த அப்டேட்? பட்டன் நேற்று இருந்த இடத்தில்தான் இருந்தது. எழுந்து போய் விரலால் காட்டினேன்.

"இப்பத்தான் கொண்டாந்து வச்சிருக்கான்," என்றார். பிறகு குரலை இறக்கி, "எதுவும் இடம் மாறாத ஒண்ணு வேணும். அப்படி ஒண்ணு இருக்கும்ல?" என்று கேட்டார்.

கையில் இருந்த சட்டையை மடிக்காமலே வைத்துக்கொண்டு நின்றேன். இவர் ஆசைக்குத் தாவவில்லை. முந்தின நாள் கற்றது மறுநாள் அந்நியமாகிவிடுகிறது. குற்றம் டிஸ்ட்ரோவுடையது என்று நம்பி ஒவ்வொன்றாகத் தூக்கியெறிந்திருக்கிறார். அடுப்படியில் என்னிடம் கேட்டதும், நான் சரி என்றதும் அவரைப் பொறுத்தவரை நடந்தவை.

சிரிப்புக் கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

5

மருத்துவரின் அறையில் என் கணவர் நன்றாகப் பேசினார். டெபியன் என்கிற டிஸ்ட்ரோவில் ஏன் எல்லாம் நிதானமாக வருகிறது, ஃபெடோராவில் ஏன் புதியது சீக்கிரம் வருகிறது என்று ஒரு பிசகும் இல்லாமல் விளக்கினார். மருத்துவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது; வீணாக வந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

"லிஃப்ட்லதான வந்தீங்க? இப்ப நாம எந்த மாடியில இருக்கோம் சார்?"

அவர் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மாடிகளுக்கு நடுவில் வேலை பார்த்தவர்.

"நிக்கிற மாடியில," என்றார் கடைசியில்.

மருத்துவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். நான் சிரிக்கவில்லை.

6

டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கணினியைப் பற்றி ஒன்றும் அறியாத நான் உட்கார்ந்து படித்தேன். சில டிஸ்ட்ரோக்கள் நில்லாமல் மாறிக்கொண்டே இருக்குமாம். சில, வருடக்கணக்கில் அப்படியே இருக்குமாம். அதற்கு 'நிலையானது' என்று பெயர்.*

"பழசு மாதிரியே இருக்கிறதைப் போடுங்கம்மா. அப்பாவுக்குக் கைப்பழக்கம் வரும்," என்றாள் மகள்.

"எந்தப் பழசுடி?"

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது.

* இந்தச் சொல்லை மனிதர்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். நோயாளி நிலையாக இருக்கிறார் என்பார்கள். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

7

முதல் முடிவு: மனைவி டெபியனை நிறுவுகிறாள். எதுவும் இடம் மாறவில்லை. அவர் மெல்ல மெல்ல வழி கண்டுபிடித்துக்கொள்கிறார். [எழுதிப் பார்த்தேன். முதல் பாதிதான் உண்மை.]

இரண்டாவது முடிவு: கணினியை எடுத்து அலமாரியில் பூட்டிவிடுகிறாள். அவர் அதை மறந்து

[முடியவில்லை.]

நடந்தது இது. டெபியனை நானே நிறுவினேன். தப்பும் தவறுமாகச் செய்தாலும் வேலை செய்தது. இன்று காலை அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மெனுவைத் திறந்தார், மூடினார், தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"இது உங்க கம்ப்யூட்டருங்களா? நல்லா ஓடுதே."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றே கூப்பிட்டவர். கோபத்தில்கூட 'நீங்க' சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லில் நான் அவருக்கு யாரோ ஆகிவிட்டேன்.

"ஆமாங்க," என்றேன்.

"வீட்டுல எனக்கும் ஒண்ணு போடணும். நிறைய இருக்குன்னு சொல்றாங்க. எது தோதா இருக்கும், சொல்லுங்களேன்."

வாசகரே, முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நான் பதில் சொல்வேன் என்று அவர் காத்திருக்கிறார்.