எங்கே போகிறீர்கள் என்று கேட்ட மெஷின்

நிவேதனாவுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்று பின்னேரம் முழுவதும் சிவந்துதான் இருந்தது.

அவள் வேலை செய்தது உடுவிலில் ஒரு மாடி அறையில் இயங்கும் சின்னக் கம்பனியில். கடற்றொழிலாளர் போனில் அழைத்தால் காற்று, அலை நிலவரத்தைத் தமிழில் சொல்லும் மெஷினை அங்கே செய்திருந்தார்கள். எதைச் சொல்வது என்று முதலில் தெரிவுசெய்யும், பிறகு அடுக்கும், கடைசியில் வசனமாக்கிக் கதைக்கும். எல்லாம் சரி. ஆனால் வாயைத் திறந்ததுமே, "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டுத் தொலைத்தது.

கடலுக்கு வெளிக்கிட்ட ஆளிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? பருத்தித்துறையில் அவளுடைய அப்பா ஏரம்பு நேற்று அந்தக் கேள்வியோடு போனை வைத்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பி, கதிரையில் சற்று உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துச் சகுனத்தைக் கழித்துவிட்டுத்தான் போனார். நேற்றுக் கடல் அடக்கம், தப்பினார். இன்று வாடைக்காற்று உரத்து வீசப் போகிறது. அந்த எச்சரிக்கை கேள்விக்குப் பிறகுதான் வரும். வெளிக்கிடுகிற நேரத்தில் அவர் மகளின் போனைக்கூட எடுக்கமாட்டார். நிலவரம் கேட்க மெஷினுக்கு மட்டும் அவராக அழைப்பார்.

"கேள்வியை எடுத்துவிடுவம் அண்ணை. ஆர் எந்தத் துறையிலையிருந்து கடலுக்குப் போறதெண்டு பதிவிலை கிடக்குத்தானே."

முதலாளி அருட்செல்வன் கேட்கிற ஆளா? "மனிசரோடை கதைக்கிறதெண்டால் கேள்வியிலைதான் துவங்கவேணும். உது மூடநம்பிக்கை, நிவேதனா."

"கடலுக்குப் போறது நீங்களில்லை," என்றவள், அவர் கண்முன்னாலேயே கேள்வியை அழித்து, எச்சரிக்கையை முதல் வசனமாக்கினாள்.

"பழையபடி மாத்தும்! இல்லாட்டி வெளிக்கிடும்!"

அவள் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு விறுவிறென்று கதவடிக்குப் போனாள். அருட்செல்வன் இதை எதிர்பார்க்கவில்லை.

"எங்கை போறீர்?"

நிவேதனா நின்றாள். திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். போத்தலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"கேட்டிட்டியள். இனி நான் போகமாட்டன். அந்த வசனத்தையும் மாத்தமாட்டன்."

அவளுடைய போன் அடித்தது. அப்பா. முதலாளிக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, உந்த மெஷின் இண்டைக்குத்தான் மனிசர் மாதிரிக் கதைச்சது. வாடை உரக்குமாம். வள்ளங்களைக் கரையிலை ஏத்திப்போட்டம். ஒருத்தரும் போகேல்லை."