கட்டுப் போட்ட ரோஜா

புண் என்றால் அவளுக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாகப் புண் கழுவிக் கட்டுப் போடுகிறவள். வார்டில் எல்லோருக்கும் அவள் 'டிரெஸ்ஸிங் அக்கா'. அழுகிய பாதத்தைச் சுத்தம் செய்து கட்டிவிட்டு, கையைக் கழுவிய ஐந்தாவது நிமிடம் டிபன் பாக்ஸைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். அப்படிப்பட்டவளுக்கே வீட்டு வாசலில் நிற்கும் ஒரு கொடி ரோஜா குமட்டலை வரவழைத்தது.

ஏணி விழுந்து முறிந்த மூன்று கிளைகளுக்கு அவளே கட்டுப் போட்டிருந்தாள். தினமும் காலையில் பிரித்து, சலைன் ஊற்றிக் கழுவி, ஆஸ்பத்திரியின் மஞ்சள் நிறக் களிம்பு தடவி, புதுத் துணி சுற்றினாள். வார்டில் இதைவிட நன்றாக யாருக்கும் செய்ததில்லை. ஆனாலும் கட்டுக்குள்ளிருந்து செத்த எலி நாற்றம் வந்தது. பிரித்தால் கிளை கறுத்து, தொட்ட இடமெல்லாம் வழவழவென்று பழுப்புச் சாறு கசிந்தது. அதைவிட மோசம், அந்தக் கறுப்பு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எதனால் என்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

ரோஜா அவளுடையதாக இருந்தால் பிடுங்கி எறிந்திருப்பாள். அது ஓரகத்தியுடையது. மாடியில் இவள், கீழே கொழுந்தனார் குடும்பம். தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்தவில்லை என்று ஆரம்பித்த சண்டையில் மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். ஒரு நாள் மாடிப்படியில் ஒரு கொத்து ரோஜா இருந்தது. மறுநாள் இவள், "பூ நல்லா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான், பேச்சு வந்துவிட்டது. மகளின் பிரசவத்துக்காகப் புருஷனோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது ஓரகத்தி, "அக்கா, இதை உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றாள். போன மறுவாரமே, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று கிளம்பிய இவள் புருஷன் ஏணியைக் கட்டாமல் சாத்தினான்.

"அதான் இவ்வளவு பண்றியே, ஒரு ஊசியும் போட்டுப் பாரேன்" என்றான் அவன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"நீங்க வாயைத் திறக்காதீங்க. ஏணியைச் சாத்தின மகராசன் யாரு?"

கறுப்பு எங்கே வரைக்கும் வந்தால் எல்லாம் முடிந்தது என்பது அவளுக்குத் தெரியும். இந்த ரோஜா ஒட்டுச் செடி. காட்டு ரோஜாவின் வேரில் பூ ரோஜாவை ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே முழங்கை எலும்பு மாதிரி புடைத்து நிற்கும். அந்த முடிச்சு அழுகிவிட்டால் பூ ரோஜா போய்விடும். அப்புறம் துளிர்ப்பதெல்லாம் வெறும் காட்டு முள். முதல் வாரம் கறுப்புக்கும் முடிச்சுக்கும் நடுவே நாலு சாண் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு சாண்.

அன்று பார்த்து ஓரகத்தியிடமிருந்து செய்தி வந்தது: 'அக்கா, நம்ம ரோஜா ஒரு போட்டோ அனுப்புங்களேன்.' போனைத் துழாவி, வாசல் நிறையப் பூத்திருந்த ஒரு பழைய படத்தை அனுப்பினாள். 'உங்க கைராசி அக்கா' என்று பதில் வந்தது. அதைப் படித்ததும் கட்டுக்குள்ளிருந்த நாற்றம் தன் மேலேயே அடிப்பதுபோல இருந்தது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கட்டைப் பிரித்தாள். உள்ளே அரிசி அரிசியாகப் புழு நெளிந்தது. எட்டிப் பார்த்த புருஷன் வாஷ்பேசினுக்கு ஓடினான். அவளும் முகத்தைத் திருப்பி, சுவரோடு இறங்கும் மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் குழாயின் பின்னால் அதைப் பார்த்தாள். நாலாவது கிளை. அதுவும் அன்றைக்கு முறிந்ததுதான். கை நுழையாத சந்து என்பதால் கட்டுப் போடாமல் விட்டிருந்தாள். முறிந்த நுனி பென்சில் மாதிரி காய்ந்து கிடந்தது. நாற்றம் இல்லை. அதற்கு ஒரு விரற்கடை கீழே சிவப்பாக ஒரு துளிர்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். மருத்துவம் பார்த்த மூன்றும் அழுகுகின்றன; பார்க்காத ஒன்று பிழைத்திருக்கிறது.

மனுஷப் புண்ணுக்கு ரத்தம் ஓடி வரும். புதுச் சதை வளர்ந்து பள்ளத்தை மூடும். அதுவரை அழுக்குப் படாமல் காப்பதுதான் கட்டின் வேலை. செடியில் அந்தக் கதையே கிடையாது. கெட்ட இடத்தை அது சரிசெய்வதில்லை. அதற்குக் கீழே உள்ளுக்குள் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, மேலே இருப்பதைக் கைவிட்டுவிடும். அந்த வேலைக்கு வெட்டுவாய் காய வேண்டும். இவளோ தினமும் நனைத்து, துணி சுற்றி, பூஞ்சை குடியிருக்க வெதுவெதுப்பாக ஓர் அறை கட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்தக் களிம்பு பாக்டீரியாவுக்கானது. பூஞ்சை அதைச் சட்டையே செய்யாது. போதாததற்குச் சலைன். உப்புத் தண்ணீர் மூன்று வாரமாகச் சொட்டி மண்ணில் இறங்கியிருக்கிறது. உப்பு மண்ணில் வேர் தண்ணீர் உறிஞ்சத் திணறும்.

"நாத்தம் பிடிச்ச கை" என்று தன் கையைப் பார்த்துச் சொன்னாள்.

கத்தரியை எடுத்து வந்து முதல் கிளையை வெட்டினாள். நடுத்தண்டு பழுப்பு. இன்னும் கீழே வெட்டினாள், வெளிறிய பழுப்பு. மூன்றாவது வெட்டில்தான் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தாள். அவள் தொழிலில் இங்கே செல்லுபடியானது அது ஒன்றுதான். கடைசிக் கிளையில் முடிச்சுக்கு மேலே மூன்று விரல்தான் மிஞ்சியது. புழு நெளிந்த துண்டுகளைப் பையில் கட்டி, புருஷன் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பாம்பைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனான்.

பிறகு போனை எடுத்தாள். ஏணி, கட்டு, புழு, பழைய படம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த போட்டோல என் நீல வாளி இருந்துச்சுக்கா" என்றாள் ஓரகத்தி. "அது உடைஞ்சு ஆறு மாசமாச்சு."

"தெரிஞ்சுமா 'கைராசி'ன்னு போட்ட?"

"பின்னே? நீங்களா வாயைத் திறக்கிறீங்களான்னு பார்த்தேன். மூணு வருஷம் பேசாம இருந்த ஆளாச்சே."

"அசிங்கமா இருக்குடி."

"இருக்கட்டும், இருக்கட்டும். செடி பொழைக்குமா? அதைச் சொல்லுங்க."

"தெரியல. நீ வர்றதுக்குள்ள தெரிஞ்சிடும்."

குழந்தையைப் பார்த்துவிட்டு ஓரகத்தி திரும்பிய அன்று, வாசலில் பதினோரு துளிர்கள் இருந்தன. செய்தது இவ்வளவுதான்: உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் வரை, துளிர் கிளம்பும் கண் ஒன்றுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயை மூடாமல் காயவிட்டது, உப்பு இறங்கிப் போக வேரடியில் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட்டது, குழாய்க்குப் பின்னாலிருந்த கிளையை மெல்ல வெளியே எடுத்து வளைத்துச் சுவரோடு படுக்க வைத்து, விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டியது. கிளை நிமிர்ந்து நின்றால் நுனிக் கண் மற்றக் கண்களை அடக்கிவிடும். படுத்தால் வழியெல்லாம் துளிர்க்கும்.